சோளத்துக்கு நான் போட்ட ஊசி

1

போன முறை இந்த இதழில் நான் எழுதியதைப் படித்துவிட்டு எருமப்பட்டி, சேந்தமங்கலம், நாமக்கல் பக்கமிருந்து நிறையப் பேர் போனில் கூப்பிட்டுப் பேசினீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் மஸ்கட்டுக்குப் பக்கத்தில் அரபிக் கூட்டாளியோடு மூன்று கோழிப்பண்ணை நடத்துகிறான் என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். சொல்லவும் நன்றாக இருக்கும். கேட்காதவர்களிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். ஏர்போர்ட்டில் பக்கத்து நாற்காலிக்காரரிடம், பல் டாக்டர் வாய்க்குள் கம்பியை விட்டிருக்கும்போது அவரிடம், எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறை எழுதப்போவது அந்த வகை இல்லை. எழுதாமல் விட்டுவிடலாம் என்று சில நாள் பார்த்தேன். சோறு இறங்கவில்லை.

போன வாரம் என் பேத்தி மித்ராவின் பள்ளியில் ஆங்கிலப் பேச்சுப் போட்டி நடந்தது. மித்ரா என் மகள் கவிதாவின் பெண். மஸ்கட்டிலேயே பிறந்தவள், ஆறாவது படிக்கிறாள். தலைப்பு ‘நான் இழந்த ஒன்று’. எனக்கு எங்கே போனாலும் முன்வரிசைதான், போய் உட்கார்ந்துகொண்டேன். இங்கிலீஷ் எனக்கு முழுசாக வராது. ஆனால் பண்ணை இங்கிலீஷ் தெரியும். வாக்ஸின், டோஸ், இன்ஜெக்‌ஷன், டாக்டர், டெத். அவள் பேசியதில் அந்தச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. மீதியைப் பக்கத்தில் இருந்த கவிதா காதில் சொன்னாள்.

“என் தாத்தா லட்சக்கணக்கான கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டவர். என் பூனைக்குட்டிக்கும் தன் கையாலேயே போட்டார். ஆனால் அதற்கு நோய் வந்தபோது டாக்டர் ஒரு நாளை வீணாக்கிவிட்டார். அந்த ஒரு நாளைத்தான் நான் இழந்தேன்.”

மண்டபமே கை தட்டியது. முதல் பரிசு. தலைமை ஆசிரியை இறங்கி வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கி, நீங்கள்தான் அந்தத் தாத்தாவா என்று கேட்டார். “யெஸ் மேடம், யெஸ்” என்றேன். சிரித்தேன்கூட.

அந்த டாக்டர் ஒரு நாளையும் வீணாக்கவில்லை. வீணாக்கியவன் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தான்.

2

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நடந்தது புரியும். பெருமைக்காகச் சொல்வது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பழக்கம் போகவில்லை.

பன்னிரண்டு வயதில் எருமப்பட்டிப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் கோழி எரு அள்ளப் போனேன். பதினாறில் ஊசிக்காரன் ஆனேன். கோழியை ஒரு கையால் பிடித்து, கழுத்துத் தோலை இரண்டு விரலால் தூக்கி, மறு கையால் ஊசியை ஏற்றிவிட்டு விடுவதற்குள் அடுத்த கோழி வந்துவிடும். என் வேகத்துக்கு அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. ஒரு ஏஜெண்டு என் கையைப் பார்த்துத்தான் மஸ்கட்டுக்கு அழைத்தார்.

இங்கே வந்த முதல் நாளே குஞ்சு பொரிக்கும் மிஷினைக் காட்டி, ஓட்டத் தெரியுமா என்று அரபி முதலாளி கேட்டார். அதை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. தெரியும் என்றேன். சாயங்காலத்துக்குள் அங்கே வேலை பார்த்த மலையாளி ஒருவரின் காலைப் பிடித்துக் கற்றுக்கொண்டேன். அன்று ஆரம்பித்தது. லைசென்ஸ் அலுவலகத்தில் அரபியில் ஏதோ கேட்பார்கள், ஆமாம் என்பேன். கால்நடைத் துறை அதிகாரி பண்ணைக்கு வந்து ஒரு படிவத்தை நீட்டுவார். படிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுத் தலையாட்டிக் கையெழுத்துப் போடுவேன். முப்பது வருடமாக இப்படித்தான். முன்னால் ஆமாம் சொல்வது, பின்னால் போய்த் தெரிந்துகொள்வது. அதில் ஒருமுறையும் மாட்டிக்கொண்டதில்லை என்பதுதான் வினை.

இன்றைக்கும் விடியற்காலம் எழுந்து பண்ணைக்குப் போகிறேன். வாசலில் மருந்துத் தண்ணீரில் பூட்ஸை நனைக்காமல் முதலாளியானாலும் உள்ளே விடக்கூடாது என்று நானே சட்டம் போட்டிருக்கிறேன். ஒரு கோழி இறக்கையைத் தொங்கப் போட்டாலும் என் கண்ணில் படும். இரண்டு செத்தால் வயிற்றை அறுத்துப் பார்க்காமல் விடமாட்டேன். நோய்க் கிருமியைப் பற்றி எனக்குத் தெரியாததா!

3

போன கோடை விடுமுறைக்கு நானும் என் மனைவி சரசுவும் மித்ராவை அழைத்துக்கொண்டு எருமப்பட்டி போனோம். மகளுக்கும் மருமகனுக்கும் லீவு இல்லை. மச்சினன் குப்புசாமியின் பண்ணை வீட்டில்தான் இரண்டு மாதமும். முதல் வாரம் மித்ரா போனை விட்டு நிமிரவில்லை. “இங்க என்ன இருக்கு அப்பிச்சி?” என்றாள். அம்மாவின் அப்பாவை அப்பிச்சி என்று கூப்பிட வேண்டும் என்பது மட்டும்தான் எங்கள் பேச்சில் அவளிடம் ஒட்டிக்கொண்டிருந்தது.

இரண்டாவது வாரம் தீவனக் கிடங்கில் மக்காச்சோள மூட்டைகளுக்கு நடுவே ஒரு பூனைக்குட்டியைக் கண்டுபிடித்தாள். மஞ்சள் நிறம். ‘சோளம்’ என்று பேர் வைத்தாள். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. குப்புசாமியின் ஆட்களோடு பேச்சு, சிரிப்பு. “சரசு அம்மாயி, அது பால் குடிச்சுப்போச்சு!” என்று கத்திக்கொண்டு ஓடிவருவாள். பதினோரு வருடத்தில் வராத தமிழ் பத்து நாளில் வந்தது.

சோளத்தை மஸ்கட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அடம். கவிதா அங்கே விசாரித்து ஒரு பட்டியலே அனுப்பினாள். தடுப்பூசி அட்டை வேண்டும், உடம்புக்குள் அடையாளச் சிப்பு வைக்க வேண்டும், இரண்டு நாட்டு அரசாங்கத்தின் முத்திரை வேண்டும். மனிதனுக்கு விசா வாங்குவது இதைவிடச் சுலபம். முதல் வேலை ஊசி.

“நாமக்கல்லுல டாக்டர்கிட்ட நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் சாமி” என்று மித்ராவிடம் சொன்னேன்.

மறுநாள் குப்புசாமியின் பண்ணையில் கோழிகளுக்கு ஊசி நாளாக அமைந்துவிட்டது. நான் வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு, சோளத்தை வைக்க அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தேன்.

“எங்கீங்க மச்சான் பெட்டியத் தூக்கிட்டு?” என்றான் குப்புசாமி.

“பூனைக்கு ஊசி போடோணுமப்பா.”

“பூனைக்கு ஊசி போட நாமக்கல்லு போறீங்களாக்கும்! ஏனுங்க, மஸ்கட்டு போயிக் கை மறந்து போச்சுங்களா?”

ஊசி போட வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அதில் ஒரு பெண், “அய்யன் இப்ப மொதலாளிங்க. கோழியத் தொட்டா சட்டை அழுக்காயிருமல்லொ” என்றாள்.

“நான் ஊசி புடிக்கையில நீ பொறக்கவே இல்ல கண்ணு. கொண்டா இங்க.”

சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு இறங்கினேன். ஒரு கூண்டு வரிசை முழுக்க நானே போட்டேன். அந்தப் பெண் வாயைப் பிளந்து பார்த்தாள். வேர்த்து ஊற்றியது, மனசு காற்றில் பறந்தது. அப்போதுதான் மித்ரா சோளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அப்பிச்சி, டாக்டர்கிட்ட போகலையா?”

“டாக்டரு எதுக்குச் சாமி? இந்தக் கை போதாதா?”

“இது பூனைக்குப் போடுற மருந்தா?”

“அப்பிச்சிக்குத் தெரியாதா?”

அது பதில் இல்லை. அவள் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டாள். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் நானும் சொன்னேன்.

கையில் இருந்தது கோழிக் கழிச்சல் நோய்க்குப் போடும் தடுப்பு மருந்து. பால் மாதிரி வெள்ளையாக, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். சோளத்தின் கழுத்துத் தோலைத் தூக்கி, கோழிக்குப் போடும் அளவையே ஏற்றினேன். கிருமிக்கு மருந்து கிருமிக்கு மருந்துதானே, ஏதோ கொஞ்சம் சக்தி வராதா என்று நினைத்தேன். நினைத்தேனா, இல்லை, நாலு பேர் பார்க்கிறார்கள் என்பதைத் தவிர வேறு எதையும் நினைக்கவில்லையா? இப்போது யோசித்தால் இரண்டாவதுதான் சரியென்று படுகிறது. குட்டி ஒரு கத்துக் கத்தியது. மித்ரா அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே வீட்டுப் பக்கம் போனாள்.

அவள் தலை மறைந்ததும் குப்புசாமி, “இனி சோளம் முட்டை வெக்குமுங்க மச்சான்” என்றான். எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

தடுப்பூசி அட்டையை அப்புறம் தெரிந்தவர்களிடம் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

4

இரண்டு வாரம் ஆகியிருக்கும். தீவனக் கிடங்குக்குப் பின்னால் வேறு இரண்டு பூனைக்குட்டிகள் செத்துக் கிடந்தன. ஆள் ஒருவர் வந்து சொன்னார். “தூக்கிக் குழியில போடு” என்றேன். கோழியாக இருந்தால் அந்த இடத்திலேயே குந்தி அறுத்துப் பார்த்திருப்பேன்.

அதற்கு மூன்றாம் நாள் சோளம் மஞ்சளாக வாந்தி எடுத்தது. பால் வேண்டாம், மீன் வேண்டாம். தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது, குடிக்கவில்லை.

“அப்பிச்சி, அது தண்ணியப் பாத்துட்டே இருக்கு. குடிக்க மாட்டேங்குது. ஏன்?”

எனக்குத் தெரியவில்லை. “சூடு சாமி, சூடு” என்றேன்.

குப்புசாமியின் காரில் நாமக்கல்லில் ஒரு கால்நடை மருத்துவமனைக்குப் போனோம். ஆடு, நாய், கூண்டுக்கிளி என்று ஒரே கூட்டம். டாக்டர் சின்னப் பெண், ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. பேர் என்ன என்று கேட்டு, ‘சோளம்’ என்று எழுதும்போது மித்ராவைப் பார்த்துச் சிரித்தார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்:

“தடுப்பூசி போட்டிருக்கீங்களா பெரியவரே?”

நான் வாயைத் திறப்பதற்குள் மித்ரா, “எங்க அப்பிச்சியே போட்டாங்க. அவங்க எக்ஸ்பர்ட்” என்றாள்.

வரிசையில் ஆட்டோடு நின்ற ஒருவர், “மஸ்கட்டுக்காரருங்களா? உங்களத் தெரியாம இருக்குங்களா!” என்றார்.

டாக்டர் பூனைகளுக்குப் போடும் ஊசி ஒன்றின் பெயரைச் சொல்லி, “அதுதானே?” என்றார்.

“அதுதாங்க” என்றேன்.

இவ்வளவுதான் நடந்தது. ஒரே சொல். குப்புசாமி என் முகத்தைப் பார்த்தான். நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

“ஊசி போட்டிருந்தா குட்டிங்களக் கொல்ற அந்தப் பெரிய வைரஸா இருக்க வாய்ப்பு கம்மி. புழுவா இருக்கலாம், சாப்பாடு ஒத்துக்காம இருக்கலாம். மருந்து தரேன். நாளைக்குச் சரியாகலன்னா ரத்தம் பாத்துடலாம்” என்று டாக்டர் சொன்னார். குளுக்கோஸ் ஏற்றி, வாந்திக்கு ஊசி போட்டு அனுப்பினார். காரில் வரும்போது மித்ரா என் தோளில் சாய்ந்துகொண்டு, “நீங்க ஊசி போட்டது எவ்வளவு நல்லதாப் போச்சு அப்பிச்சி” என்றாள்.

மறுநாள் காலையில் சோளம் எழுந்திருக்கவில்லை.

மறுபடி போனோம். ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் அடியோடு போய்விட்டதாக டாக்டர் சொன்னார். மித்ரா காரில் இருந்த துண்டை எடுக்கப் போயிருந்தாள். “அந்த ஊசி பாட்டில், ஸ்டிக்கர் ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். அப்போதுதான் சொன்னேன்.

“கோழி ஊசியா?”

“ஆமாங்க.”

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அதுவும் இல்லை. வேறொரு பரிசோதனைக்கு ஏற்பாடு செய்துவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்: “இந்த நோய்ல குட்டிங்க பொழைக்கிறதே கஷ்டம்தான். அதனால உங்களாலதான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா நேத்தே சொல்லியிருந்தா நேத்தே டெஸ்ட் பண்ணி, உள்ளயே வெச்சுப் பாத்திருப்பேன். ஒரு நாள் போச்சு.”

அந்தக் கடைசி மூன்று சொல்லைத்தான் துண்டோடு உள்ளே வந்த மித்ரா கேட்டாள்.

“ஊசி போட்டும் எப்படி வந்துச்சு?” என்று டாக்டரிடம் கேட்டாள்.

டாக்டர் என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத்தான் தெரியும். “சில நேரம் ஊசி புடிக்கிறதில்ல பாப்பா” என்றார். பிறகு நான் வெளியே வரும்போது, “நான் சொல்லல. நீங்களே அவளுக்குச் சொல்லிடுங்க ஐயா” என்றார். சொல்கிறேன் என்றேன்.

5

சோளம் அங்கே நான்கு நாள் இருந்தது. காலையும் மாலையும் ஒரு பெண் உதவியாளர் அதற்குக் குளுக்கோஸ் மாற்றினார். வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தார்கள். மித்ரா கூண்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இருப்பாள். நான்காம் நாள் மத்தியானம் அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது.

பண்ணையில் செத்த கோழியைப் போடக் குழி உண்டு. எனக்குக் கால் அந்தப் பக்கமே போனது. “அங்க வேண்டாம்” என்றாள் மித்ரா. வேலியோரம் தனியாகத் தோண்டினேன். டாக்டர் சொன்னபடி குட்டி இருந்த இடம் முழுக்க பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன். அந்த வேலை எனக்கு நன்றாக வரும்.

அன்று மாலை உறவுக்காரர்கள் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். பூனைக்கு எதற்கு இத்தனை அழுகை என்று ஒருவர் கேட்டார். மித்ரா வீங்கிய கண்ணோடு என்னைப் பார்த்தாள். அப்போது என் வாயிலிருந்து வந்தது இது:

“அந்த டாக்டர் புள்ள ஒரு நாள வீணாக்கிப் போட்டுதுங்க. புஸ்தகத்தப் படிச்சுட்டு வந்துருதுங்க. கைப்பழக்கம் வேணுமல்லொ.”

என் பொய்யை மறைத்துக் காப்பாற்றிய பெண்ணைத்தான் அப்படிச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள்.

கை கழுவப் போன இடத்தில் குப்புசாமி பின்னாலேயே வந்தான். “மச்சான், அந்த ஊசி...” என்று இழுத்தான்.

“வாய மூடிட்டுப் போடா” என்றேன். முப்பது வருடத்தில் அவனை நான் டா போட்டது அன்றைக்குத்தான்.

சரசுவுக்கு எல்லாம் தெரியும். சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தே போட்டாள்.

6

மஸ்கட் திரும்பியதும் மித்ரா பழையபடி போனுக்குள் போய்விட்டாள். தமிழும் போய்விட்டது. “அப்பிச்சி, ஐ ஆம் ஃபைன்” என்பாள். பள்ளி, டியூஷன், நீச்சல். நான் வெள்ளிக்கிழமை தோறும் முட்டைத் தட்டோடு மகள் வீட்டுக்குப் போவேன், அவள் அறைக்கதவு மூடியிருக்கும். காலம் போகட்டும், மறந்துவிடுவாள் என்று இருந்தேன். அவள் மறக்கவில்லை. மேடை ஏறிச் சொல்லும் அளவுக்கு வைத்திருந்தாள். அடுத்த மாதம் எல்லாப் பள்ளிகளுக்குமான போட்டி. அதே பேச்சை இன்னும் பெரிய மண்டபத்தில் பேச வேண்டும்.

எனக்கு மிகவும் வசதியான ஒரு யோசனை வந்தது. இதழுக்கு எழுதிவிடலாம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்துபோகும், பாவத்தைக் கழுவிவிடலாம். மித்ராவுக்குத் தமிழ் படிக்க வராது. பாதி எழுதியும் விட்டேன். சரசு கண்ணாடி போட்டுக்கொண்டு அதைப் படித்தாள்.

“ஊருக்கெல்லாம் சொல்றீங்க. அந்தப் புள்ளைக்கு?”

“அவளுக்கு எப்படிச் சொல்றது?”

“வாயாலதான். இத்தன வருசமா அதுதானே உங்களுக்கு நெறையா இருக்குது.”

நேற்று சாயங்காலம் மகள் வீட்டுக்குப் போனேன். மித்ராவை உட்கார வைத்துச் சொன்னேன். கோழி ஊசி என்பதை முதலில் சொன்னேன், செத்துக் கிடந்த இரண்டு குட்டிகளைக் குழியில் போடச் சொன்னதையும் சொன்னேன். டாக்டர் கேட்டது, நான் அதுதாங்க என்றது, மறுநாள் டாக்டரிடம் ஒத்துக்கொண்டது, அவர் எனக்காக மறைத்தது, நான் அவரையே குறை சொன்னது. எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

அவள் அழவில்லை. எழுந்து சமையலறைக்குப் போய்த் தன் அம்மாவிடம் ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. கவிதா வெளியே வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல், “அவ பேச்ச மாத்தி எழுதோணுமாம். உங்ககிட்டக் கேள்வி கேக்கோணுமாம், இருங்கப்பா” என்றாள்.

மித்ரா நோட்டோடு வந்தாள். எப்போதும் என் பக்கத்தில் உட்காருகிறவள் மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்கார்ந்தாள். டாக்டர் கேட்பது போலவே ஒவ்வொன்றாகத் தமிழில் கேட்டாள். என்ன மருந்து? எத்தனை மில்லி? அந்த இரண்டு குட்டி செத்தது உங்களுக்கு எப்போது தெரியும்? பதிலை எழுதிக்கொண்டே வந்தாள். பிறகு பேனாவை நிறுத்தினாள்.

“டாக்டர் கேட்டப்போ ஏன் ஆமான்னு சொன்னீங்க?”

“நீ பாத்துட்டு இருந்தே சாமி. எக்ஸ்பர்ட்டுன்னு சொல்லிட்டே. பொறவு எப்படி...”

அவள் முகம் மாறியது. “அப்ப என்னாலயா?”

அந்தக் குழந்தையின் தலையில் அதைத் தூக்கி வைத்துவிட்டேன் என்பது, வைத்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

“இல்ல சாமி. உன்னால இல்லவே இல்ல.”

“அப்ப ஏன்? சரியாச் சொல்லுங்க. நான் இதை மேடையில படிக்கணும்.”

கவிதா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். மருமகன் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

“எனக்குத் தெரியல சாமி. பூனைக்கு என்ன ஊசின்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுக்காகப் பொய் சொன்னேன்.”

“இன்னொரு தடவை. மெதுவா.”

அவள் எழுதி முடிக்கும் வரை மெதுவாகச் சொன்னேன்.